கதவு மூடியிருந்தது

கடற்படையின் வரலாற்றுப் பிரிவு துறைமுகத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. ஆனாலும் அது கப்பல்தான். நான் சொல்லவில்லை, அரசாணை சொல்கிறது. கடற்படை ஆட்கள் கப்பலில்தான் பணிபுரிய வேண்டும் என்று பழைய விதி ஒன்று உண்டாம். வரலாறு எழுதுகிறவர்களைக் கடலில் விட்டால் காகிதம் நனைந்துபோகும். விதியை மாற்றலாம் என்றால் அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கார். எதற்கு வம்பு என்று மூன்றாவது மாடியையே கப்பலாக அறிவித்துவிட்டார்கள். அன்றுமுதல் அங்கே தரைக்குத் தளம் என்று பெயர். டீ குடிக்கக் கீழே போகிறவர் ‘கரை இறங்குகிறேன்’ என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பலத்த மழை பெய்கிற நாட்களில் எல்லோரும் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள்.

பெயின்டர் இருபத்தாறு வருடம் நிஜக் கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். அவருக்கே இந்தக் கப்பல் புதிது. படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரை வாசலில் ஒரு மாலுமி மறித்தான்.

“கப்பலேற அனுமதி கேளுங்க.”

“யார்கிட்ட தம்பி?”

“என்கிட்டதான்.”

“சரி, ஏறலாமா?”

“அப்படியில்ல. உள்ள கொடி இருக்கு பாருங்க, அதுக்கு ஒரு சல்யூட் வச்சிட்டுக் கேக்கணும்.”

கொடி மின்விசிறிக்குக் கீழே இருந்தது. கொடி பறக்க வேண்டும் என்பதற்காகக் குளிரிலும் விசிறியை நிறுத்துவதில்லை. பெயின்டர் விசிறியைப் பார்த்துச் சல்யூட் அடித்துவிட்டு உள்ளே போனார். சட்டைப்பையில் வரலாற்றுப் பிரிவின் கடிதம் இருந்தது. கடற்படையின் நூற்றாண்டு வரலாறு எழுதப்படுவதாகவும், மூழ்கிய கப்பல்களில் பிழைத்தவர்கள் நேரில் வந்து ‘தங்கள் மேலான உண்மையை’ வழங்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. கீழே கையெழுத்து, பிரிவின் தலைவருடையது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் பெயின்டருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது பாலிஷின் கையெழுத்து.

பாலிஷ் என்பது மாலுமிகள் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், பெயின்டர் இருந்த போர்க்கப்பலில் அவர் இளம் அதிகாரி. பித்தளையில் முகம் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பெரிய தளபதி பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தால் போதும், பீரங்கியை மூடிவைத்துவிட்டுக் கப்பல் முழுக்கப் பெயின்ட் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போர்க்கப்பலின் அடிவயிற்றில் அறைக்கு அறை கனத்த இரும்புக் கதவு இருக்கும். கதவின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் பட்டை. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் கதவை மூடி எட்டுக் கைப்பிடிகளையும் திருகிவிட வேண்டும். ரப்பர் நசுங்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அந்த அறையோடு நின்றுவிடும், கப்பல் பிழைத்துக்கொள்ளும். ரப்பர் மெத்தென்று இருந்தால்தான் இதெல்லாம். அதன்மேல் பெயின்ட் அடித்தால் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும். பெயின்டருக்குப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

அப்படி ஒரு பார்வையிடலுக்கு முந்தின நாள் பாலிஷ் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

“எல்லாம் சாம்பல் நிறமா இருக்கு. நடுவுல இது மட்டும் என்னய்யா, துக்கப் பட்டை மாதிரி கறுப்பா? அதையும் சேத்து அடிச்சு விடு.”

“ரப்பர்ல அடிக்கக் கூடாது சார். தண்ணி நிக்காது.”

“கப்பல் மூழ்கப்போறது என்னிக்கோ. தளபதி வரப்போறது நாளைக்கு. எது அவசரம்?”

பெயின்டர் அடித்தார். பார்வைக்கு ஒரு பூச்சு என்று ஐந்து வருடத்தில் பதினேழு பூச்சு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ‘சார், ரப்பர்’ என்பார். ஒவ்வொரு தடவையும் ‘அடி’ என்று பதில் வரும்.

பதினேழாவது பூச்சு காய்ந்த மறுநாள், தளபதி கப்பலேறும் நேரத்தில், மரியாதை வாசிப்பதற்காக இசைக்குழுவை ஏற்றி வந்த இழுவைப் படகு உற்சாகத்தில் கப்பலின் விலாவில் இடித்தது. அந்த இடத்துத் தகடு பல வருடமாகப் பெயின்டின் பலத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. பிளந்துகொண்டு தண்ணீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. உள்ளே ஒருவர்தான் இருந்தார். கப்பலின் பம்ப்காரர், பெயின்டருடைய அக்கா புருஷன். வெளியே ஓடி வந்திருக்கலாம். அடுத்த அறையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் உள்ளேயிருந்தே கதவை இழுத்து மூடினார். பெயின்டர் இந்தப் பக்கம் நின்று பார்த்தார். எட்டுக் கைப்பிடியும் ஒவ்வொன்றாகத் திரும்பியது. எட்டாவதும் திரும்பிய பிறகு அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு. மூடியாச்சு, போ என்று அர்த்தம். அப்புறம்தான் கதவின் நான்கு விளிம்பிலும் தண்ணீர் தகடு தகடாகப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. முக்கால் மணி நேரத்தில், கரையில் கட்டியிருந்த இடத்திலேயே கப்பல் உட்கார்ந்துவிட்டது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் இசைக்குழு கடைசிவரை வாசித்தது.

ஒன்பது பேர் போனார்கள். விசாரணைக் குழு கூடியது. கதவு மூடியிருந்தால் தண்ணீர் வந்திருக்காது, தண்ணீர் வந்திருக்கிறது, ஆகவே கதவு மூடப்படவில்லை, கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர் பம்ப்காரர். இவ்வளவுதான் விசாரணை, பத்தரை மணிக்குத் தொடங்கிப் பிஸ்கட் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு முந்தின நாளே பாலிஷ் பெயின்டரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “பெயின்ட் விஷயத்துல மட்டும் வாயத் திறக்காத. பிரஷ் இருந்தது உன் கையில. உன் மச்சானை நான் பாத்துக்கறேன்.” பெயின்டர் பயந்தார். கதவு மூடியிருந்தது என்று மட்டும் சொன்னார். பிறகு எப்படித் தண்ணீர் வந்தது என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். துறைமுகத்து நினைவுக் கல்லில் மூன்று, மூன்று, இரண்டு என்று எட்டுப் பெயர் செதுக்கினார்கள். கடைசி வரிசையில் ஓர் இடம் மொட்டையாக நின்றது. கப்பலைக் கவிழ்த்தவன் பெயரைக் கல்லில் எழுதுவார்களா என்ன?

கடிதம் வந்த அன்று பெயின்டர் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா தையற்காரி. பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள், மிதியை நிறுத்தாமலே முழுவதையும் கேட்டாள். நூல் அறுந்தது. திரும்பக் கோக்கவில்லை.

“இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுக்கு வந்து என் கையால சாப்பிட்டிருக்க.”

“பயம்க்கா.”

“வர்றவன் போறவனெல்லாம் ‘அந்தக் கதவைத் திறந்து போட்டவன் பொண்டாட்டி’ன்னு சொல்லும்போது பக்கத்துலதானடா இருந்த.”

பெயின்டருக்கு அழுதுவிட்டால் நல்லது என்றிருந்தது, அழுகை வரவில்லை.

“போய்ச் சொல்லு. அடிச்சது நான்தான்னு சொல்லு. அவர் பேரு அந்தக் கல்லுல வரட்டும். வந்துச்சுன்னா நீ என் தம்பி” என்றாள் அக்கா. வராவிட்டால் என்ன என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதனால்தான் அவர் விசிறிக்குச் சல்யூட் அடித்தார்.

பாலிஷ் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். தலை நரைத்து, மார்பு நிறையப் பதக்கம். “நீ வருவேன்னு தெரியும்யா! ஒண்ணு விடாம சொல்லு. வரலாற்றுக்கு முன்னால நானும் கிடையாது, நீயும் கிடையாது.”

பெயின்டர் சொன்னார். பதினேழு பூச்சையும் சொன்னார். அடிக்கச் சொன்னது யார் என்ற இடத்தில் மட்டும் நாக்கு கொஞ்சம் தடுமாறியது. பாலிஷே எடுத்துக்கொடுத்தார்: “நான்தான் சொன்னேன், எழுதிக்கப்பா.” மூலையில் இருந்த தட்டச்சுக்காரர் எழுதிக்கொண்டார். பாலிஷ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பெயின்டருக்கு மனசு இளகிப்போயிற்று. இத்தனை வருடம் இந்த மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது. பாவம், நல்ல மனசு உள்ளவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

“ஒன்பதாவது பேரு என் பொறுப்பு” என்றார் பாலிஷ். “வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்.”

துறைமுகக் கிடங்கில் அந்தக் கதவே இருந்தது. கப்பலைத் துண்டு துண்டாக எடுத்தபோது கழற்றி வைத்ததாம். எட்டுக் கைப்பிடியும் மூடிய நிலையிலேயே துருப்பிடித்து இறுகியிருந்தன. பெயின்டர் ரப்பர் விளிம்பை நகத்தால் பெயர்த்தார். ஒரு சில்லு கையோடு வந்தது. பக்கவாட்டில் பார்த்தால் சாம்பலுக்குள் சாம்பலாகக் கோடுகள். பதினேழையும் எண்ணிக் காட்டினார். கதவு மூடியிருந்ததற்குக் கைப்பிடி சாட்சி. தண்ணீர் வந்ததற்கு ரப்பர் சாட்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

“பொக்கிஷம்யா! அருங்காட்சியகத்துல நடு மண்டபத்துல இதைத்தான் வைக்கப்போறேன்” என்றார் பாலிஷ். சில்லை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்.

அக்கா அன்றைக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து, வாக்குமூலத்தைச் சரிபார்க்க அழைத்தார்கள். பெயின்டர் மறுபடி விசிறிக்குச் சல்யூட் அடித்தார். தட்டச்சுக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் படித்தார்.

“‘கப்பலின் ஒவ்வோர் அங்குலத்தையும் தன் உயிராய் எண்ணி அவர் வர்ணம் தீட்டினார்.’”

“இது யாரு?”

“நீங்கதான்.”

“ரப்பர்ல அடிச்சேன்னு சொன்னேனே?”

“அங்குலம்னா ரப்பரும் அதுல அடக்கம். ‘திடீரெனக் கடல் தன் உரிமையைக் கோரியது.’”

“தண்ணி வந்துச்சுன்னுதானே சொன்னேன்.”

“சொல் குழுன்னு ஒண்ணு இருக்கு, அது ஒத்துக்கல. கடற்படைக்குள்ள தண்ணி வராது. ‘முக்கால் மணி நேரத்தில் கப்பல் தன் நிரந்தர நங்கூரத்தை இட்டது.’”

“மூழ்கிடுச்சுங்க!”

“அந்தச் சொல்லுக்கு அனுமதி கிடையாது. வேணும்னா மனு போடலாம்.”

தடித்த புத்தகத்தின் மற்ற பக்கங்களையும் காட்டினார்கள். ‘போரில் இழந்தவை’ என்ற தலைப்பின்கீழ்ப் பக்கம் வெள்ளையாக இருந்தது. ‘அமைதியில் இழந்தவை’ ஆறு கப்பல். கட்டி முடித்துக் கடலில் இறக்கிய அன்றே நேராக அடிக்குப் போய்விட்ட முதல் கப்பலை, ‘நீர்மூழ்கித் துறையில் நம் முன்னோரின் முதல் முயற்சி’ என்று எழுதியிருந்தார்கள். பெயின்டரின் கப்பலுக்கென்று தனி அத்தியாயம்: ‘மரியாதையில் இழந்தது.’

பெயின்டர் பாலிஷிடம் முறையிட்டார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வரலாறுங்கறது கப்பல் மாதிரிய்யா. மிதக்கணும்னா கனமான சாமானையெல்லாம் தூக்கிக் கடல்ல போட்டுடணும். மிச்சம் என்ன இருக்குன்னு பாக்கக் கூடாது, மிதக்குதான்னு பாக்கணும்.”

“பெயின்ட் விஷயம் போனாலும் போகட்டும் சார். மச்சான் கதவை மூடினாருங்கறது?”

பாலிஷ் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். இருந்தது. ‘கதவு மூடியிருந்தது.’ இரண்டே சொல், ஒரு எழுத்தும் குறையாமல். பெயின்டர் மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் வரட்டும், உரிமை கோரட்டும், என்ன எழவையோ செய்யட்டும். இந்த இரண்டு சொல் போதும், கல்லில் பெயர் வந்துவிடும். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அவள் பீரோவிலிருந்து ஒரு நல்ல புடவையை எடுத்து வெளியே வைத்தாள்.

திறப்பு விழாவுக்கு அக்காவும் தம்பியும் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். சிறப்பு விருந்தினர் கடல்துறை அமைச்சர், நெட்டையான ஆள். பாலிஷ் மேடையேறினார்.

“நூறு வருஷத்துல நம்ம கடற்படை எதிரிகிட்ட ஒரு கப்பலைக்கூட இழந்ததில்ல!” கைதட்டல். “இழந்த ஏழு கப்பலும் நாமளே இழந்தது. வெளியாள் கை ஒரு துளிகூட அதுல கிடையாது. இந்தத் தற்சார்பு வேற யாருக்கு வரும்?” பலத்த கைதட்டல். “என்னை நிறைய பேர் கேக்கறாங்க, இவ்வளவு பெரிய வரலாற்றை எப்படி எழுதினீங்கன்னு. ரொம்பச் சுலபம். யாரெல்லாம் உயிரோட இருக்காங்களோ அவங்க மனசு நோகாம எழுதணும், அவ்வளவுதான். இறந்தவங்க பெருந்தன்மையானவங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.”

பிறகு பெயின்டரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது பெயரைத்தான் அறிவிக்கப்போகிறார்கள் என்று அக்கா அவர் முதுகில் கை வைத்து அனுப்பினாள். அமைச்சர் பெயின்டரின் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். குத்தி முடித்த பிறகுதான் அறிவிப்பு வந்தது: ‘பதினேழு பார்வைகளிலும் குறையே காணப்படாத வர்ணப் பணிக்காக.’ பெயின்டர் வாயைத் திறந்தார். ஒலிவாங்கியை அதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லோரும் நடு மண்டபத்துக்கு நகர்ந்தார்கள். அங்கே கதவு நின்றது. சுவர் கிடையாது, வெறும் சட்டமும் கதவும், சுற்றிலும் கயிறு. துருவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். பழைய ரப்பரைக் காணோம், புது ரப்பர். எட்டுக் கைப்பிடிகளையும் அறுத்துத் திறந்த நிலைக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். கதவு அகலத் திறந்து கிடந்தது. அமைச்சர் தலை இடிக்கக் கூடாதென்று சட்டத்தின் மேல்பகுதியையும் ஒரு சாண் வெட்டியிருந்தார்கள். அவர் அதன் வழியாக நடந்துபோனார், கைதட்டினார்கள்.

பெயின்டர் பாலிஷின் கையைப் பிடித்தே விட்டார். “சார், கதவு மூடியிருந்துச்சே சார்!”

“மூடின கதவு வழியா அமைச்சர் எப்படிய்யா நடப்பாரு?” பாலிஷ் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “வர்றவங்க கப்பலுக்குள்ள நுழையற அனுபவம் கிடைக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. திறந்து வச்சாச்சு. யார் மேலயும் சாத்திடக் கூடாதுன்னு வெல்டிங்கும் வச்சாச்சு. அப்புறம் பக்கத்துல இருக்கற பலகைல மூடியிருந்துச்சுன்னு எழுதினா, பாக்கறவன் குழம்புவானா மாட்டானா? ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கக் கூடாதுய்யா. அதனால பலகையைத் திருத்திட்டோம்.”

“பலகையை மட்டுமா?”

“புத்தகத்தையும்தான். பலகைக்கு முரணா புத்தகம் இருக்கலாமா?”

“கல்லு? ஒன்பதாவது பேரு?”

“புத்தகத்துக்கு முரணா கல்லு இருக்கலாமா?” என்று சொல்லிவிட்டு, அமைச்சர் கூப்பிடுவதைப் பார்த்து நகர்ந்துவிட்டார்.

அக்கா அதற்குள் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். ‘பம்ப்காரரின் கவனக்குறைவால் இக்கதவு திறந்து கிடந்தது. கண்கண்ட சாட்சி: கப்பலின் பெயின்டர், பதக்கம் பெற்றவர்.’ படித்து முடித்துத் தம்பியைப் பார்த்தாள். அவர் சட்டையில் தொங்கியதைப் பார்த்தாள். பிறகு கயிற்றைத் தாண்டிப் போய், இரண்டு கையாலும் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

“அம்மா, தொடாதீங்க! பெயின்ட் இன்னும் காயல!” என்று ஒரு மாலுமி ஓடி வந்தான்.

அக்கா இரண்டு உள்ளங்கையையும் பார்த்தாள். சாம்பலாக இருந்தன.

“அக்கா, நான் மூடியிருந்துச்சுன்னுதான்...”

அவள் பக்கத்தில் வந்து, அவர் வெள்ளைச் சட்டையில், பதக்கத்தோடு சேர்த்து, நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். கறை பட்ட புடவையை உதறிக்கொண்டு, அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மாலுமி பிரஷ்ஷும் டப்பாவுமாக வந்து, அவள் கை பட்ட இடத்தைப் பூசினான். பூசிக்கொண்டே விளிம்புக்கு வந்தான்.

“தம்பி, ரப்பர்ல படாம அடிப்பா” என்றார் பெயின்டர்.

“எல்லாம் ஒரே சாம்பலா இருக்கணும்னு உத்தரவுங்க.”

பெயின்டர் பதக்கத்தைப் பிய்த்தெடுத்து, அதன் விளிம்பால் ரப்பரைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டச் சுரண்ட அவன் பூசினான். ஏதேதோ திட்டினார், யாரை என்று தெரியவில்லை. விருந்தினர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த பாலிஷ், “பாத்தீங்களா! ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்கல!” என்றார். புகைப்படக்காரர் படம் எடுத்தார். புத்தகத்தின் அட்டையில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது, நன்றாகவே வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் பெயின்டர் அக்கா வீட்டுக்குப் போனார். உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கதவை மூன்று முறை தட்டினார். மிஷின் நின்றது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்த வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடித்தவரும் அவர்தான். விளிம்பில் ஒரு சொட்டுப் படாமல், அக்கா வீடாயிற்றே என்று பார்த்துப் பார்த்து அடித்திருந்தார். கதவு மூடியிருந்தது.